மன்னிப்புக் கேட்ட கெட்டவள்

ஐயம்பேட்டையில் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் துளசி தனியாகத்தான் நிற்பாள். மற்ற பெண்கள் புளியமரத்தடியில் கும்பலாக நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவள் டீக்கடைச் சுவர் ஓரமாக, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பஸ்ஸில் ஏறினாலும் அவள் பக்கத்து சீட்டு கடைசியில்தான் நிறையும். செல்போன் செய்கிற கம்பெனி அது. அங்கே அவளைப் பாதிப் பேர் துளசி என்று கூப்பிடுவதே இல்லை. ‘ரோஷிணி’ என்கிறார்கள். ரோஷிணி என்பது ஒரு டிவி தொடரில் வந்த கெட்ட பெண்ணின் பேர். அந்த வேஷம் கட்டியவள் துளசி. தொடர் முடிந்து வருஷக்கணக்காகிறது.

நான் அவர்களுக்குப் பக்கத்து வீடு. அவள் பிறந்தபோது தாய்க்கு மருந்து இடித்துக் கொடுத்தவள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லச் சொல்ல எழுதுகிறவர்கள் நடுவில் எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். அந்தப் பெண்ணைப் பற்றி மற்றவர்கள் மாற்றிச் சொன்னது போதும்.

துளசியின் அப்பா தர்மன். கொஞ்சம் நிலம் உண்டு, நிலத்தில் வேலை இல்லாத நாளில் நெசவுக்காரர்களுக்குப் பாவு போடப் போவான். அக்னி வசந்த விழா வந்தால் பாரதக் கூத்தாடுவான். அவனுக்கு எப்போதும் ஒரே வேஷம்தான்: சபை நடுவில் அம்மன் சேலையைப் பிடித்து இழுக்கிற பாவி. ஆள் நல்ல உயரம், குரல் கோயில் மணி மாதிரி. அந்தக் கட்டத்துக்கு முன்னால் ஒரு வழக்கம் இருக்கிறது. சேலையில் கை வைப்பதற்கு முன், அம்மன் வேஷம் கட்டியவர் காலடியில் கற்பூரம் ஏற்றி, விழுந்து கும்பிட்டு, “தெரிஞ்சே செஞ்ச பாவம் தாயே, மன்னிச்சிடு” என்று கேட்க வேண்டும். கேட்காமல் சேலையைத் தொட்டால் அந்தக் கை விளங்காது என்பார்கள். துளசி சின்ன வயதிலிருந்து முன்வரிசையில் உட்கார்ந்து இதைப் பார்த்து வளர்ந்தவள்.

அப்பனின் குரல் அவளுக்கு வந்தது, கூடவே அவன் புருவமும் கண்ணும். பெரிய கண், கோபமே இல்லாமல் பார்த்தாலும் முறைப்பது போல இருக்கும். நிறமும் எங்கள் நிறம்தான். காஞ்சிபுரத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். ஸிந்துஜா என்று பேர், சின்ன காஞ்சிபுரத்து வைஷ்ணவர் வீட்டுப் பெண். சின்ன முகம், சன்னமான குரல். காலையில் கடவுள் வாழ்த்தை இரண்டு பேரும் சேர்ந்து பாடுவார்கள். ஒருத்தி மேலே போவாள், ஒருத்தி கீழே நிற்பாள். தறியில் இரண்டு நாடா ஓட்டிச் சேலையின் கரையையும் உடலையும் கோர்வை சேர்க்கிற மாதிரி, சேர்ந்த இடமே தெரியாது என்று அவர்கள் டீச்சரே சொல்வாராம். மத்தியானச் சாப்பாடு மட்டும் தனித்தனி. இவள் டப்பாவில் கருவாடு இருந்தால் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “துளசி, மரத்துக்கு அந்தப் பக்கம் போயேன்டீ” என்பாள். இவள் டப்பாவை அவள் மூக்குக்கு நேராக நீட்டுவாள். அவ்வளவு சிநேகம்.

பதினோராவது முடிந்த கோடை லீவில் டிவிக்காரர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கதை, வாரத்துக்கு நாலு பாட்டு, உள்ளூர்ப் பிள்ளைகளையே நடிக்க வைப்போம் என்றார்கள். இருவரும் பாடிக் காட்டினார்கள். இருவரையும் எடுத்துக்கொண்டார்கள். துளசி ஓட்டமாக வந்து என் கையைப் பிடித்துச் சுற்றினாள். தாய் மணியம்மாள் நடவுக்குப் போகிறவள், தகப்பனுக்கும் ஒழியாது. எனக்குத்தான் வேலை வெட்டி கிடையாது. நான் துணைக்குப் போனேன்.

போன பிறகுதான் தெரிந்தது, பாட்டைப் பார்த்து அவர்கள் யாரையும் எடுக்கவில்லை, மூஞ்சியைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். டைரக்டர் சின்ன வயசுப் பையன், தலையில் தொப்பி. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, சந்தையில் மாட்டைப் பார்ப்பது போலப் பார்த்துப் பிரித்தான். நீ நல்ல பெண், நீ கெட்ட பெண், நீ படிப்பாளி, நீ குண்டு, நீ ஜோக்கு. படிப்பாளிக்குக் கண்ணாடி இல்லாத வெறும் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை மாட்டினார்கள். அந்தப் பிள்ளை கணக்கில் பெயில் ஆனவன். குண்டுப் பெண் எந்தக் காட்சியிலும் சிப்ஸ் தின்றுகொண்டே இருக்க வேண்டுமாம். மூன்று தடவை எடுத்த பிறகு, பாவம், போய் வாந்தி எடுத்தது.

ஸிந்துஜா நல்ல பெண். துளசி கெட்ட பெண், பணக்காரி, பாட்டுப் போட்டியில் நல்ல பெண்ணைக் கெடுக்கிறவள். அதுகூடப் போகட்டும். கெட்ட பெண்ணுக்குப் பாட வரக் கூடாது என்றான். “அபஸ்வரமா பாடும்மா, கேட்டா சிரிப்பு வரணும்” என்றான். அவளுக்குத் தப்பாகப் பாட வரவில்லை. ஒரு மத்தியானம் முழுக்க அவளுக்குத் தப்பாகப் பாடக் கற்றுக்கொடுத்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. டீ குடிக்கிற நேரத்தில் போய்க் கேட்டேன்.

“ஏம்பா, இந்தக் கெட்ட பொண்ணுக்கு ஒரு பாட்டாவது வெக்கக் கூடாதா?”

“கெட்டவளுக்கு எதுக்கு ஆயா பாட்டு?”

“எங்க கூத்துல எவ்ளோ பெரிய பாவியா இருந்தாலும் சாவறப்போ ஒரு அழுகைப் பாட்டு உண்டு. அதைக் கேட்டு அம்மன் வேஷக்காரரே அழுவாரு.”

“கெட்டவ அழுதா ஜனங்க கன்ஃப்யூஸ் ஆயிடுவாங்க ஆயா. யாரைத் திட்டறதுன்னு தெரியாது.”

“கொழம்பட்டுமே. கொழம்பினா என்ன கெட்டுப்பூடும்?”

“டிஆர்பி கெட்டுடும்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அது யார் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் துளசிக்கு ஒரு குறையும் இல்லை. “வுடு ஆயா, ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கறோமே, அது போதும்” என்றாள். காட்சி முடிந்ததும் இரண்டும் சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்து, கெட்டவள் பேசின வசனத்தை நல்லவளும் நல்லவள் பேசினதைக் கெட்டவளும் பேசிப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரிக்கும். ஒருநாள் துளசி ரோட்டுக் கடையில் பப்ஸ் வாங்கி வந்தாள்.

“உள்ள என்னடீ?” என்றாள் ஸிந்துஜா.

“முட்டை. உனக்கு வாணாம்.”

“பாதி குடு.”

“ஐயோ, உங்கம்மா என்னைக் கொன்னுடுவாங்க.”

“அம்மாக்கு எப்படித் தெரியும்? குடுறீ.”

பிடுங்கித் தின்றாள். தின்றுவிட்டு, “இதுக்கா இத்தனை பயம், உருளைக்கிழங்கு மாதிரிதான் இருக்கு” என்றாள். நான் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிள்ளைகள் சமாசாரம்.

மறுநாள் இல்லை, அதற்கு அடுத்த நாள் ஸிந்துஜா அம்மாவோடு வந்தாள். பூமா மாமி நாற்காலி போட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். பெண்ணின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பப்ஸ் விஷயம் வீட்டில் தெரிந்துவிட்டது, அவள் அப்பா முரளீதரன் மகளோடு பேசவில்லை, படப்பிடிப்பு முடிகிற வரைக்கும் அம்மா கூடவே வருவார் என்று குண்டுப் பெண் வந்து எங்களிடம் சொன்னது. துளசிக்குப் பக்கென்றது. போய்ப் பேசலாம் என்றால் மாமி அங்கேயே இருக்கிறார்.

அன்றைக்கு எடுத்தது, கெட்டவள் எல்லோர் முன்னாலும் நல்லவளின் ஜடையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளுகிற காட்சி. லைட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்களும் கோடு போட்ட இடத்தில் நின்றார்கள். நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றேன். துளசி சட்டென்று குனிந்தாள், ஸிந்துஜாவின் காலைத் தொட்டாள். கற்பூரத்துக்கு எங்கே போவாள்! அப்பன் சொல்கிற அதே வார்த்தையைக் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள்.

“தெரிஞ்சே செஞ்ச பாவம் தாயே, மன்னிச்சிடு.”

ஸிந்துஜா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சாமி மாதிரி கும்பிட்டால் கூச்சமாக இருக்காதா என்றுதான் நான் நினைத்தேன். அதற்குள் டைரக்டர் கத்திவிட்டான். துளசி ஜடையைப் பிடித்தாள், தள்ளினாள். கீழே விழுந்த பெண் எழுந்திருக்கவே இல்லை, அப்படி அழுதது. டைரக்டர் கையைத் தட்டிக்கொண்டு குதித்தான். “சூப்பர், சூப்பர், நிஜமாவே அழுவுறா, இது போதும் எனக்கு!”

அன்றையிலிருந்து ஸிந்துஜா துளசியோடு பேசவில்லை. காட்சியில் மட்டும் பேசுவாள். காட்சி முடிந்ததும் அம்மா நாற்காலிக்குப் போய்விடுவாள். அம்மா இருப்பதால்தான் என்று துளசி தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். கடைசி நாள் குழாயடியில் அவளைத் தனியாகப் பிடித்தாள். நான் செம்பு கழுவிக்கொண்டிருந்தேன்.

“ஸிந்து, எம்மேல இன்னும் கோவமா? அதான் மன்னிப்புக் கேட்டேனே.”

“கேட்டுட்டா ஆயிடுத்தா? பண்றதையும் பண்ணிட்டு.”

“நானா பண்ணேன்? பண்ணச் சொன்னாங்க, பண்ணேன்.”

“யார் சொன்னா?”

“டைரக்டர் சார்தான். வேற யாரு?”

ஸிந்துஜாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “அவர் சொன்னா எதை வேணா பண்ணிடுவியா நீ?”

“பண்ணித்தானே ஆவணும்? அதுக்குத்தானே வந்துக்கினு இருக்கறோம்.”

“நான் அழணும்னு அவருக்கு. அதுக்கு நீ. நன்னா இருக்குடீ” என்று சொல்லிவிட்டு, முகத்தில் இருந்த தண்ணீரைத் துடைக்காமலே போய்விட்டாள். துளசி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஜடையை இழுத்ததற்கு இவ்வளவு கோபமா என்று எங்கள் இருவருக்குமே விளங்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது, தொடரும் சனிக்கிழமை சாயங்காலம் வர ஆரம்பித்தது. ஊரே பார்த்தது. முதல் இரண்டு வாரம் துளசியும் வீட்டில் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்துப் பார்த்தாள். ஷேர் ஆட்டோவில் ஒரு பொம்பளை இவளை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, “ஏம்மா, அந்தச் சின்னப் பொண்ணு உனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சி? முழியைப் பாரு, முழியை” என்று கேட்டதாம். இவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னாள். ஜடையைப் பிடித்து இழுத்த வாரத்துக்குப் பிறகு சிரிப்பு நின்றுபோனது. டிவியில் சண்டை, வகுப்பிலும் இருவருக்கும் பேச்சில்லை, ஸிந்துஜா பெஞ்சு மாறி உட்கார்ந்துவிட்டாள். மற்றப் பெண்களுக்கு வேறென்ன வேண்டும்? “பாத்தியா, நெஜத்துலயும் அவ அப்டித்தாண்டி.” கடவுள் வாழ்த்துக்கு வேறு பெண்களைப் போட்டார்கள். துளசி வீட்டில்கூட வாயைத் திறந்து பாடுவதை விட்டாள்.

தர்மனுக்கு இது புரியவே இல்லை.

“இதுக்கு எதுக்கும்மா அழுவுற? வருஷா வருஷம் நான் சேலையை இழுக்கறேன். என்னை எவனாவது ஒரு வார்த்தை சொன்னானா? விடிஞ்சா வேஷத்தைக் கலைச்சிட்டு டீக்கடைல உக்காந்தா, அம்மன் வேஷம் கட்டின கலியாணசுந்தரமே எனக்கு டீ வாங்கித் தர்றான்.”

“உனக்கு விடியுதுப்பா” என்றாள் துளசி.

பன்னிரண்டாவது முடித்தாள். பாட்டுக் காலேஜில் சேர வேண்டும் என்று முன்னெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றாள். முகத்துக்கு மாஸ்க் போடணும், தலைக்குத் தொப்பி போடணும், யாருக்கும் யாரையும் தெரியாது என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். அந்தச் சந்தோஷமும் பஸ் வரைக்கும்தான். பஸ்ஸில் மாஸ்க் கிடையாதே.

ஸிந்துஜா படிக்க வெளியூர் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம். துளசி அவள் பேரைச் சொல்ல மாட்டாள். ஆனால் சின்ன காஞ்சிபுரம் பக்கம் எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் தலைவலி என்பாள்.

இந்த வைகாசியில் கருடசேவைக்குப் போனேன். வருஷம் தவறாமல் போகிறவள் நான். பெருமாளைச் சேவித்துவிட்டு வெயில் ஏறத் திரும்பி வந்தபோது, ஒரு வாசலில் நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குவளையை நீட்டிய கை நின்றது.

“நீங்கோ துளசியோட வந்த பாட்டிதானே?”

பூமா மாமி. கொஞ்சம் நரைத்திருந்தார்.

“ஆமா மாமி. பொண்ணு சொகமா இருக்குதா?”

“இருக்கா, பூனால படிக்கறா. துளசி எப்படி இருக்கா? மொதல்ல ஆத்துக்கு வந்துண்டே இருப்பா. அந்த சீரியலோட நின்னுடுத்து. நடிச்சதும் பெரிய மனுஷியாயிட்டாளோன்னு நெனச்சேன்.”

எனக்குச் சுருக்கென்றது. “அது ஒண்ணும் நிக்கல மாமி. உங்க பொண்ணுதான் பேசறதை நிறுத்திடுச்சி. அந்த முட்டை பப்சு சமாசாரத்துலர்ந்து.”

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயோ, அதுவா! அவ ஷூட்டிங் யூனிஃபார்மை ஊற வைக்கறேன், பாக்கெட்டுலேர்ந்து எண்ணெய்க் காகிதம் வரது. மஞ்சக்கரு அப்படியே ஒட்டிண்டு. அவ அப்பா வேற பக்கத்துல நிக்கறார்.”

“அப்போ யாரும் வந்து சொல்லலியா?”

“யார் வந்து சொல்லணும்? இவதான் ‘யார் சொன்னா, யார் சொன்னா’ன்னு குதிச்சா. எனக்குக் கோவம். ‘யாரோ சொன்னா, போடீ’ன்னுட்டேன்.”

குவளையைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குப் படிப்பில்லை, ஆனால் அறுந்த இழையைக் கண்டுபிடிக்கத் தெரியும். யாரோ சொன்னார்கள் என்று தாய் சொல்கிறாள். அடுத்த நாளே சிநேகிதி காலில் விழுந்து, தெரிந்தே செய்த பாவம், மன்னித்துவிடு என்கிறாள். அந்தப் பெண் வேறென்ன நினைக்கும்? அழ வைப்பதற்காக டைரக்டர் சொல்லி இவள் போட்டுக்கொடுத்துவிட்டாள் என்றல்லவா நினைத்திருக்கிறது!

அங்கேயே நின்று, கூத்தையும் கற்பூரத்தையும் தர்மன் கும்பிடுவதையும் மாமிக்கு விளக்கினேன். கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போனது, நான் நகரவில்லை. மாமி வாயைப் பொத்திக்கொண்டார். “பெருமாளே! எங்காத்துல யாரும் கூத்து பாத்ததில்லை பாட்டி.” என் செல்லில் ஒன்றை அழுத்தினால் துளசிக்குப் போகும், அப்படி அவளே செய்து வைத்திருக்கிறாள். அதிலிருந்து நம்பரைத் தன் செல்லில் ஏற்றிக்கொண்டார்.

துளசி ஷிப்டு முடிந்து வந்ததும் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஆறாவதுலர்ந்து ஒண்ணா இருந்தோம் ஆயா. ஊர்ல எல்லாரும் டீவியைப் பாத்துத்தான் என்னைக் கெட்டவன்னு நம்புனாங்க. அவ டீவில வர்றதுக்கு முன்னாலயே நம்பிட்டாளே.”

“அது கொழந்தைம்மா அப்போ.”

“நானும் கொழந்தைதான்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. நான் அவர்கள் வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். துளசி போனைப் பார்த்தாள், வெளியே எடுத்துப் போகவில்லை, அங்கேயே பேசினாள்.

“சொல்லு... நல்லா இருக்கறேன். நீ?... அழாத ஸிந்து, எதுக்கு அழுவுற?... இல்லல்ல, எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல.”

பிறகு நிறைய நேரம் அந்தப் பக்கம்தான் பேசியது. இவள் ம், ம் என்றாள். நடுவில் ஒரு தடவை, “ஆமா, எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க” என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

“என்னா சொல்லுது?” என்றேன்.

“சாரி சொன்னா.”

“எதையோ எல்லாரும் சொல்றாங்கன்னியே, அது என்னா?”

“அந்த ரோலுக்கு நீ அவ்ளோ பொருத்தமா இருந்தே துளசி, அதனாலதான் எனக்கு நம்பத் தோணிடுத்துன்னா.” அந்தப் பெண்ணின் சன்னக் குரலிலேயே சொன்னாள். அப்படியே உரித்து வைத்தாற்போல் இருந்தது.

நான் விடுவேனா? “பேசறப்போ ஒரு வார்த்தை முன்னபின்ன வர்றதுதான். வேணும்னா சொன்னா? வரச் சொன்னாளா இல்லியா?”

“ஆடில லீவுக்கு வருவாளாம். வீட்டுக்கு வாடீன்னா.”

“போ. நானும் வர்றேன். கூத்துல கும்புடறது எதுக்குன்னு அந்தப் பொண்ணுக்கு நானே நேர்ல சொல்றேன்.”

“ஷிப்டு இருக்கும் ஆயா.”

“ஆடி மாசம் பூராவுமா?”

அவள் என் முறத்தைத் தன் பக்கம் இழுத்து, ஆய்ந்த கீரையிலேயே மறுபடியும் காம்பு தேடிக்கொண்டிருந்தாள். ஆடி வந்தது. அந்தப் பெண்ணும் வந்தது என்று கேள்வி. ஒருநாள் போன் அடித்தபோது நானே பார்த்தேன், துளசி அதைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். அடித்து அடித்து ஓய்ந்தது. நான் இன்னும் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், ஒரு தடவை போய்ப் பாரம்மா என்று. அவள் சரி ஆயா என்கிறாள். சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு, டீக்கடைச் சுவர் ஓரமாகப் போய் நிற்கிறாள்.